டிராகுலாவின் முகம் யாருக்குச் சொந்தம்? லுகோசி – யுனிவர்சல் வழக்கு: ஒரு நிகழ்வு ஆய்வு

பிளாஸ்டிக் பென்சில் துருவி, ஒட்டிச் சேர்க்கும் பொம்மை, டி-ஷர்ட், பட்டம், பானம் கலக்கும் குச்சி என 1960-களில் அமெரிக்கக் கடைகளில் விற்ற பலவகைப் பொருட்களில் ஒரே முகம் அச்சாகியும் வார்க்கப்பட்டும் வந்தது. பின்னோக்கி வாரிய கருமுடி, உயர்ந்த கழுத்துப்பட்டை வைத்த மேலங்கி, எதிரே நிற்பவரை அசையவிடாமல் நிறுத்தும் பார்வை ஆகியவற்றைக் கண்டதும் குழந்தைகள் அதை டிராகுலா என்றனர். அவர்களுடைய பெற்றோருக்கு அது பெலா லுகோசி. அந்த முகத்தை அச்சிட உரிமம் கொடுத்ததும் அதற்கான தொகையைப் பெற்றதும் யுனிவர்சல் பிக்சர்ஸ் நிறுவனம். அப்போது லுகோசி உயிரோடு இல்லை. அவருடைய மனைவிக்கும் மகனுக்கும் இந்த வரவில் ஒரு காசும் போகவில்லை.

1966-இல் அவ்விருவரும் லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு பதின்மூன்று ஆண்டுகள் நடந்து, 1979 டிசம்பர் 3 அன்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. இறந்த நடிகரின் முகத்தை விற்கும் உரிமை வாரிசுகளுக்குப் போகுமா என்பதே அதன் மையக் கேள்வி. இன்று அமெரிக்காவில் பழைய திகில் பட நடிகர்களின் உருவத்தோடு விற்கும் பொம்மைகள், முகமூடிகள், சிலைகள் ஆகியவற்றின் பின்னால் இருக்கும் உரிம ஏற்பாடு பெரிதும் இந்த வழக்கின் தோல்வியிலிருந்து எழுந்தது என்பதால், தீர்ப்பை மட்டும் பார்க்காமல், அந்த முகம் எப்படி உருவானது, அதற்குச் சந்தை எப்போது பிறந்தது என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

முகம் உருவான விதம்

பெலா ஃபெரென்ஸ் டெஷோ பிளாஷ்கோ 1882 அக்டோபர் 20 அன்று அன்றைய ஹங்கேரி அரசின் லுகோஷ் நகரில் பிறந்தார். இன்று அந்த நகரம் ருமேனியாவில் இருக்கிறது. ஊர்ப் பெயரையே மேடைப்பெயராக்கிக்கொண்டு புடாபெஸ்டின் தேசிய நாடக அரங்கில் நடித்தார். முதல் உலகப் போரில் காலாட்படை அதிகாரியாகச் சென்று காயமடைந்தார். 1919-இல் நடிகர் சங்கத்தை அமைப்பதில் முன்னின்றதால், புரட்சி அரசு கவிழ்ந்ததும் நாட்டை விட்டு ஓட நேர்ந்தது. வியன்னா, பெர்லின் வழியாக அமெரிக்கா வந்து சேர்ந்தபோது அவருக்கு ஆங்கிலம் கைவந்திருக்கவில்லை.

1927 அக்டோபரில் நியூயார்க்கின் ஃபுல்டன் அரங்கில் டிராகுலா நாடகம் தொடங்கியது. 261 காட்சிகள் ஓடியது. 1931 பிப்ரவரி 12 அன்று, டாட் பிரவுனிங் இயக்கிய திரைவடிவம் அதே நகரின் ராக்ஸி அரங்கில் வெளியானது. அந்தப் படத்துக்கு லுகோசி பெற்ற ஊதியம் வாரம் 500 டாலர் வீதம் ஏழு வாரங்களுக்கு 3,500 டாலர். அடுத்த ஆண்டே அவர் திவால் மனு கொடுக்க வேண்டியிருந்தது.

எதெல்லாம் லுகோசி கொண்டுவந்தது, எதெல்லாம் அவருக்கு முன்பே இருந்தது என்பதை நேர்மையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பின்னால் வழக்கும் இந்தப் பிரிவினையில்தான் சுழன்றது. பிராம் ஸ்டோக்கரின் நாவலில் வரும் டிராகுலா, வெண்மீசை வைத்த முதியவர். உள்ளங்கையில் மயிர் முளைத்தவர். அவருக்கு மாலை நேர விருந்துடையும் உயர்ந்த கழுத்துப்பட்டையுள்ள மேலங்கியும் அணிவித்தது இங்கிலாந்தில் ஹாமில்டன் டீன் மேடையேற்றிய நாடகம். நடிகர் பார்வையாளருக்கு முதுகைக் காட்டி மேடைக் கதவுப் பொறி வழியாக மறைவதற்கு அந்தப் பெரிய கழுத்துப்பட்டை உதவியது. ஆக, மேலங்கி லுகோசியுடையதன்று. இன்று எல்லா டிராகுலா முகமூடியிலும் நீளும் கோரைப்பற்களும் அவருடையவையல்ல. 1931 படத்தில் அவர் ஒரு காட்சியிலும் கோரைப்பல் காட்டவில்லை. அவர் கொடுத்தவை முகம், கண், விரல், குரல். சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு ஹங்கேரிய ஓசையில் இழுத்துப் பேசும் பேச்சு அவருடையது. ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட், சிறு விளக்குகளின் ஒளிக்கீற்றை அவருடைய கண்கள் மீது மட்டும் விழச் செய்து, முகத்தின் மற்றப் பகுதியை நிழலில் விட்டார். இமைக்காமல் அந்த ஒளியைத் தாங்கி நின்றது நடிகரின் வேலை. ஒப்பனையிலும் பிறர் கை அதிகம் படவில்லை. நடிகர் போரிஸ் கார்லாஃபை ஃபிராங்கன்ஸ்டைனின் பூதமாக்கத் தினமும் மணிக்கணக்கில் வேலை செய்த ஒப்பனைக் கலைஞர் ஜேக் பியர்ஸுக்கு இங்கே அவ்வளவு இடம் கிடைக்கவில்லை. பூதத்தின் முகத்தில் ஒப்பனைக் கலைஞரின் பங்கு கண்ணுக்குத் தெரிகிறது. டிராகுலாவின் முகத்தில் நடிகரே தெரிகிறார். வழக்கின் தரப்புகளில் நான் லுகோசி குடும்பத்தின் பக்கம் சாய்வதற்கு முதல் காரணம் இது.

ஒப்பந்தம்

1930 செப்டம்பரில் கையெழுத்தான ஒப்பந்தம், மேற்படி படத்தில் நடிகர் செய்யும் செயல்கள், நிலைகள், தோற்றங்கள் அனைத்தையும் படம்பிடிக்கவும் வெளியிடவும் பயன்படுத்தவும் தயாரிப்பாளருக்கு உரிமை தந்தது. அந்தப் படத்தின் விளம்பரத்துக்கும் வணிகத்துக்கும் அவருடைய பெயரையும் உருவத்தையும் பயன்படுத்தும் உரிமையும் அதில் இருந்தது. ஒவ்வொரு உரிமையும் ‘மேற்படி படம் தொடர்பாக’ என்ற வரம்புக்குள் எழுதப்பட்டிருந்தது. முப்பது ஆண்டு கழித்து விற்ற பென்சில் துருவி 1931-இல் வந்த படத்தின் விளம்பரமாகுமா என்பது சாதாரண வாசிப்பிலேயே எழும் கேள்வி.

இந்த வரம்பை யுனிவர்சல் ஒரு காலத்தில் மதித்ததற்கும் சான்று உண்டு. 1936-இல் வந்த தொடர்படமான ‘டிராகுலாஸ் டாட்டர்’ படத்தில் லுகோசி நடிக்கவில்லை. சவப்பெட்டியில் கிடத்த அவருடைய சாயலில் ஒரு மெழுகு உருவம் தேவைப்பட்டது. அதற்கு நிறுவனம் அவருடைய ஒப்புதலைப் பெற்றே செய்தது. நடிகரின் சாயலை அவர் நடிக்காத இடத்தில் பயன்படுத்த அனுமதி வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தவர்கள், அவர் இறந்தபின் அப்படி நினைக்கவில்லை.

சந்தை பிறந்த காலம்

லுகோசியின் கடைசி ஆண்டுகள் துயரமானவை. 1948-இல் நகைச்சுவைப் படம் ஒன்றில் இரண்டாவது முறையாகவும் கடைசி முறையாகவும் திரையில் டிராகுலாவாக நடித்தார். வலிக்காகத் தொடங்கிய மருந்து அடிமைத்தனமாகிவிட, 1955-இல் தாமாகவே நார்வாக் அரசு மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்று வெளியே வந்தார். 1956 ஆகஸ்ட் 16 அன்று மாரடைப்பால் இறந்தார். டிராகுலா மேலங்கி ஒன்றை அணிவித்தே அவரைக் கல்வர் சிட்டியின் ஹோலி கிராஸ் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

அடுத்த ஆண்டே எல்லாம் மாறியது. 1957-இல் ஸ்கிரீன் ஜெம்ஸ் நிறுவனம் யுனிவர்சலின் 52 பழைய படங்களை ஒரே தொகுப்பாகத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு விற்றது. இரவு வெகுநேரம் கழித்து ஒளிபரப்பான அந்தப் படங்களைப் பார்க்கச் சிறுவர்கள் விழித்திருந்தார்கள். 1958-இல் ஃபாரஸ்ட் ஆக்கர்மனை ஆசிரியராகக் கொண்டு திகில் படங்களுக்கென்றே ஓர் இதழ் தொடங்கியது. அதன் பின்பக்கங்களில் முகமூடிகளும் பொம்மைகளும் அஞ்சல்வழி விற்பனைக்கு வந்தன. 1961-இல் அரோரா நிறுவனம் ஃபிராங்கன்ஸ்டைன் பூதத்தை ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் பொம்மையாக விற்றுப் பெரும் வெற்றி கண்டது. 1962-இல் டிராகுலா வந்தது. இந்த அரோரா பெட்டிகளுக்கு ஜேம்ஸ் பாமா வரைந்த ஓவியங்களுக்காகவே காலிப் பெட்டியைக்கூடப் பத்திரப்படுத்தும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள்.

காலவரிசையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். நடிகர் இறந்தது 1956-இல். அவருடைய முகத்துக்குப் பொம்மைச் சந்தை உருவானது 1957-க்குப் பிறகு. உயிரோடு இருந்தபோது அந்த முகத்தைப் பொம்மையாக்கி விற்கும் வாய்ப்பை யாரும் அவருக்கு முன் வைத்திருக்க முடியாது. அப்படியொரு தொழிலே அன்றைக்குக் கிடையாது. உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பை மதிப்பிடும்போது இந்த ஓராண்டு இடைவெளியை மறக்கக் கூடாது.

விசாரணை நீதிமன்றம்

யுனிவர்சலின் வாதம் எளிமையானது: நாங்கள் விற்றது டிராகுலா பிரபு என்னும் பாத்திரத்தை, அந்தப் படத்தின் பதிப்புரிமை எங்களுடையது, லுகோசி அந்தப் பாத்திரத்தை ஏற்ற நடிகர்களில் ஒருவர் மட்டுமே.

நீதிபதி பெர்னார்ட் ஜெஃபர்சன் இந்த வாதத்தை ஏற்கவில்லை. யுனிவர்சல் தயாரித்த படங்களிலேயே லான் சேனி ஜூனியரும் ஜான் கராடைனும் டிராகுலாவாக நடித்திருக்கிறார்கள். உரிமம் பெற்ற பொருட்களில் சேனியின் பருத்த முகமோ, கராடைனின் மீசை வைத்த ஒடுங்கிய முகமோ வரவில்லை; லுகோசியின் முகமே வந்தது. பாத்திரத்தைத்தான் விற்றோம் என்றால் எந்த நடிகரின் முகமும் போதுமானதாக இருந்திருக்கும். ஆகவே, உரிமத்தின் சாரம் டிராகுலா வேடத்தில் லுகோசிக்கே உரிய தனித்தோற்றம் என்று நீதிபதி கண்டார். 1930 ஒப்பந்தம் அந்த உரிமையை நிறுவனத்துக்குக் கொடுக்கவில்லை என்றும், அது சொத்தின் தன்மை கொண்டதால் வாரிசுகளைச் சேரும் என்றும் 1972-இல் முடிவு செய்தார். ஏறத்தாழ 53,000 டாலர் இழப்பீடும், இனி அத்தகைய உரிமம் வழங்கக் கூடாது என்ற தடையும் குடும்பத்துக்குக் கிடைத்தன.

சான்றுகளை நேருக்கு நேர் பார்த்த ஒரே நீதிபதி அவர்தான். பொருளைக் கையில் எடுத்து, இது யாருடைய முகம் என்று கேட்டு, கண்ணுக்குத் தெரிந்த விடையிலிருந்து சட்டத்துக்குப் போனார். மேல் நீதிமன்றங்களில் வழக்கு ஏறஏற அந்தப் பொருட்கள் பார்வையிலிருந்து விலகி, கோட்பாடு மட்டும் மிஞ்சியது.

உச்ச நீதிமன்றம்

1977-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஜெஃபர்சனின் தீர்ப்பை ரத்து செய்தது. 1979-இல் உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில், மேல்முறையீட்டு நீதிபதி ராத் எழுதியதையே தன் தீர்ப்பாக ஏற்றுக்கொண்டது.

பெரும்பான்மையின் நிலைப்பாடு இது: ஒருவர் தம் பெயரையும் உருவத்தையும் வணிகத்துக்குப் பயன்படுத்தும் உரிமை அவருடைய உடலோடு ஒட்டியது, அவர் வாழும்போது பயன்படுத்தினால் உண்டு, இல்லையேல் அவரோடு முடிந்துபோகும். லுகோசி தம் பெயரில் ஒரு தொழிலைத் தொடங்கி, தம் உருவத்தைப் பொருட்களில் பதித்து விற்று, மக்கள் மனத்தில் அந்தப் பெயரும் பொருளும் இணைந்திருந்தால், அந்தத் தொழில் வாரிசுகளுக்குப் போயிருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. ஆகவே வாரிசுகளுக்குப் போக ஒன்றும் இல்லை.

இந்தத் தர்க்கத்தில் எனக்கு இரண்டு மறுப்புகள் உண்டு. முதலாவது, மேலே சொன்ன காலக் கணக்கு. இல்லாத சந்தையில் விற்கவில்லை என்பதை ஒருவருக்கு எதிரான காரணமாக்குவது நியாயமாகாது. இரண்டாவது, லுகோசி தம் டிராகுலா உருவத்தைப் பயன்படுத்தவே இல்லை என்று கொள்வதும் முழு உண்மையன்று. 1940-களில் ஊர் ஊராகப் போய் மேலங்கியோடு மேடையேறினார். 1951-இல் இங்கிலாந்து முழுக்க டிராகுலா நாடகத்தோடு சுற்றினார். அந்த உருவத்தை வைத்தே அவர் பிழைத்தார் என்பது அவர் வாழ்க்கையைப் படித்த எவருக்கும் தெரியும். உடம்பால் சுமந்து விற்றதைத் தொழில் என்று ஏற்காமல், சட்டையில் அச்சிட்டு விற்றால் மட்டுமே தொழில் என்று ஏற்பது, நடிப்பை உழைப்பாகவே கருதாத பார்வையாகிவிடுகிறது.

நீதிபதி மாஸ்க் பெரும்பான்மையோடு உடன்பட்டுத் தனியாக எழுதிய குறிப்பு பெரும்பான்மைத் தீர்ப்பைவிட வலுவானது. அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு லுகோசி கல்லறையிலிருந்து எழுந்து தம் பழைய முதலாளியைத் துரத்துகிறார் என்று அவர் தொடங்குவது அந்த வழக்கிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்படும் வரி. ஒரு வேடத்தை ஏற்று நடிப்பதாலேயே, ஒப்பந்தத்தில் சொல்லப்படாத பட்சத்தில், வாரிசுரிமைச் சொத்து பிறந்துவிடாது என்றார். டிராகுலாவை லுகோசி படைக்கவில்லை. அவர் வருவதற்கு முன்பே பாத்திரம் இருந்தது, அவருக்குப் பின்னும் பலர் நடித்தார்கள். நகைச்சுவை நடிகர் க்ரௌச்சோ மார்க்ஸ் தம் மீசை, சுருட்டு, கூன்நடையோடு தாமே ஒரு உருவத்தை உண்டாக்கியவர். லாரலும் ஹார்டியும் அப்படியே. அவர்களுடைய நிலை வேறு என்று ஒப்புக்கொண்டார். பிறகு அவர் கேட்ட கேள்வி கடினமானது: ஜார்ஜ் வாஷிங்டனின் சந்ததியார், டாலர் நோட்டில் அவர் படத்தை அச்சிட்டதற்கு அரசு மீது வழக்குப் போடலாமா? வாரிசுரிமைக்கு எல்லை எங்கே?

எல்லை பற்றிய அந்தக் கேள்விக்குத் தலைமை நீதிபதி ரோஸ் பேர்ட் தம் மாறுபட்ட தீர்ப்பில் நேரடியாக விடை சொன்னார். அன்றைய பதிப்புரிமைச் சட்டம் நூலாசிரியர் இறந்து 50 ஆண்டு வரை உரிமையை வைத்திருந்தது. நடிகருக்கும் அதே கணக்கை வைத்தால் போதும். ஒருவர் ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தம் பெயருக்கும் முகத்துக்கும் வணிக மதிப்பை உண்டாக்குகிறார். அந்த மதிப்பை அவர் இறந்த மறுநாளே முதலில் கைவைப்பவருக்குக் கொடுப்பதில் நீதி இல்லை. அவர் குறுக்கிட்டுக் காட்டிய இன்னொரு புள்ளி, லுகோசியின் உருவமும் டிராகுலா என்ற பாத்திரமும் வேறு வேறு என்பது. பாத்திரத்தை யார் வேண்டுமானாலும் எடுத்து நடிக்கலாம். குறிப்பிட்ட மனிதரின் முகத்தை அதோடு சேர்த்து விற்க அவரிடமோ அவர் குடும்பத்திடமோ கேட்க வேண்டும். மாஸ்க் எழுப்பிய அச்சம் பாத்திரத்தைப் பூட்டிவிடுவார்களோ என்பது. பேர்ட் சொன்ன ஏற்பாட்டில் பாத்திரம் பூட்டப்படவே இல்லை.

இரண்டு நாள் கழித்து, இதே தீர்ப்பைப் பின்பற்றி, மௌனப்பட நடிகர் ருடால்ஃப் வாலண்டினோவின் உறவினர் தொடுத்த வழக்கையும் அந்த நீதிமன்றம் தள்ளியது.

தோல்விக்குப் பின்

ஆளுமை உரிமை என்ற கருத்தே சேகரிப்புப் பொருளிலிருந்து பிறந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். சூயிங்கம் பொட்டலத்தோடு வரும் பேஸ்பால் வீரர்களின் பட அட்டைகளுக்காக இரண்டு நிறுவனங்கள் மோதிய 1953 வழக்கில்தான், தம் படத்தின் விளம்பர மதிப்பில் ஒருவருக்குத் தனி உரிமை உண்டு என்று நீதிபதி ஜெரோம் ஃபிராங்க் முதலில் எழுதினார். லுகோசி வழக்கில் அந்த உரிமை மரணத்தைத் தாண்டவில்லை. சட்டமன்றம் அதைத் தாண்ட வைத்தது.

1984-இல் கலிஃபோர்னியா இயற்றி, 1985 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், இறந்த பிரபலத்தின் பெயர், குரல், கையெழுத்து, படம், சாயல் ஆகியவற்றைப் பொருட்களிலும் விளம்பரங்களிலும் பயன்படுத்த 50 ஆண்டு வரை வாரிசின் அனுமதி வேண்டும் என்றது. 1985-க்கு முந்தைய 50 ஆண்டுக்குள் இறந்தவர்களையும் அது சேர்த்துக்கொண்டதால், 1956-இல் இறந்த லுகோசியும் அதன் நிழலுக்குள் வந்தார். நூல், நாடகம், திரைப்படம், செய்தி ஆகியவற்றுக்கு விலக்கு கொடுத்து, மாஸ்கின் அச்சத்துக்கும் அது இடம் தந்தது. உரிமை கோரும் வாரிசு மாநிலச் செயலரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். 1999-இல் காலவரம்பு 70 ஆண்டாக நீண்டது. பேர்டின் மாறுபட்ட தீர்ப்பு ஐந்தே ஆண்டில் சட்டமானதைப் பார்க்கும்போது, நான்குக்கு மூன்று என்ற அந்த ஒரு வாக்கின் பாரம் புரிகிறது. வழக்குத் தொடுத்த மகன் பெலா ஜார்ஜ் லுகோசி தாமும் வழக்கறிஞரே. தந்தையின் உருவத்துக்கான உரிமங்களை அதன்பின் குடும்பமே கவனித்துக்கொண்டது.

உரிமை கையில் இருப்பது எவ்வளவு நுண்ணிய விஷயங்களில் தேவைப்படுகிறது என்பதற்கு 1987-இல் நடந்த ஒன்றைச் சொல்லலாம். ஜெனரல் மில்ஸ் நிறுவனம் தன் காலை உணவுப் பெட்டி ஒன்றில், டிராகுலாவாக லுகோசி தோன்றும் படத்தை அச்சிட்டது. படத்தில் அவர் அணிந்திருந்த பதக்கம் ஆறுமுனை நட்சத்திரம் போலத் தெரிந்ததால், யூதர்களை இழிவுபடுத்துவதாகக் கண்டனம் எழுந்து, நிறுவனம் பெட்டியின் வடிவமைப்பை மாற்றியது. பழைய படம் ஒன்றைச் சிறுவர் பொருளில் ஒட்டும்போது அந்தப் படத்தை நன்கறிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது வீண் செலவன்று.

குடும்பங்கள் சேர்ந்து நின்றதன் நல்ல விளைவு 1997-இல் தெரிந்தது. சேனி, கார்லாஃப், லுகோசி ஆகியோரின் வாரிசுகள் பல காலம் முயன்றதன் பயனாக, செப்டம்பர் 30 அன்று அமெரிக்க அஞ்சல்துறை திகில் பட உருவங்களுக்கு ஐந்து தபால்தலைகள் வெளியிட்டது. 32 சென்ட் மதிப்புள்ள அவற்றைத் தாமஸ் பிளாக்ஷியர் வரைந்தார். தனி வில்லை வழியே பார்த்தால் மட்டும் தெரியும் மறைபடங்களைப் பதித்து அமெரிக்கா வெளியிட்ட தொடக்ககாலத் தபால்தலைகளில் இவையும் அடங்கும். தபால்தலை சேகரிப்பாளர்கள் திகில் பட விருப்பமில்லாமலே இவற்றை வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். லுகோசியின் முகம் அரசின் அச்சகத்துக்குப் போனபோது குடும்பம் எதிர்த்து வழக்காடவில்லை, முன்னின்று கேட்டு வாங்கியது. வாஷிங்டன் சந்ததியார் பற்றிய மாஸ்கின் கேள்விக்கு நடைமுறை கொடுத்த விடையாக இதைக் கொள்ளலாம்.

இரண்டு வகைப் பொருட்கள்

சேகரிப்பாளர்கள் லுகோசி பொருட்கள் என்று ஒரே பெயரில் அழைப்பவை உண்மையில் இரண்டு வகை. சட்டமும் சந்தையும் அவற்றை வேறுவேறாக நடத்துகின்றன.

நடிகர் வாழ்ந்த காலத்துப் பொருட்கள் முதல் வகை. 1931 படத்தின் சுவரொட்டி 27-க்கு 41 அங்குலம் அளவுள்ள காகிதம். அது யாருக்கும் விற்பதற்காக அச்சிட்டதன்று. அரங்கில் ஒட்டிவிட்டு, அடுத்த ஊருக்கு அனுப்பி, கிழிந்ததும் எறிந்துவிட வேண்டியது. போர்க்காலத்தில் பழைய காகிதம் திரட்டியபோதும் ஏராளம் அழிந்தது. எஞ்சியவை கைவிரலில் எண்ணும் அளவு என்பதால், 2009-இல் ஒரு பிரதி 3,10,700 டாலருக்கும், 2017 நவம்பரில் வேறு வடிவமைப்புள்ள ஒரு பிரதி ஹெரிடேஜ் ஏலத்தில் 5,25,800 டாலருக்கும் போயின. படத்தில் நடித்தவர் வாங்கிய மொத்த ஊதியத்தைப் போல 150 மடங்கு இது. இவற்றை வாங்கவோ விற்கவோ லுகோசி குடும்பத்தின் அனுமதி தேவையில்லை. காகிதம் யார் கையில் இருக்கிறதோ அவருடையது.

மேலங்கியின் கதை வேறு. ஒன்று அவரோடு மண்ணுக்குள் போனது. இன்னொன்றை அவருடைய முன்னாள் மனைவி லில்லியன் பாதுகாத்து மகனிடம் கொடுத்தார். 2011-இல் அது ஏலத்துக்கு வந்தது. பத்து லட்சம் டாலருக்கு மேல் எதிர்பார்த்தும் விற்கவில்லை. 2019-இல் குடும்பம் அதை லாஸ் ஏஞ்சலிஸில் உருவாகிவந்த அகாடமி திரைப்பட அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டது. ஏலத்தில் எதிர்பார்த்த விலை கிடைக்காதது சேகரிப்பாளர்களுக்கு ஏமாற்றமாக இருந்திருக்கலாம். ஒரு தனிவீட்டின் பெட்டகத்தில் பூட்டிக் கிடக்காமல், வெளிச்சமும் ஈரமும் அளந்து பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு அது சேர்ந்தது பெரும் நன்மை என்றே நான் கருதுகிறேன். கம்பளித் துணி பூச்சிக்கும் வெளிச்சத்துக்கும் எளிதில் இரையாவது.

அவர் இறந்தபின் செய்தவை இரண்டாம் வகை. வழக்கு இவற்றைப் பற்றியது. அரோரா பொம்மை, 1960-களின் முகமூடிகள், 1980-இல் ரெம்கோ நிறுவனம் வெளியிட்ட யுனிவர்சல் உருவங்கள் ஆகியவை சட்டத்துக்கு முந்தையவை. அவற்றில் யுனிவர்சலின் பெயர் மட்டுமே இருக்கும். பின்னாளில் வந்த உரிமம் பெற்ற சிலைகளில் யுனிவர்சலின் வரியோடு லுகோசி குடும்ப நிறுவனத்தின் வரியும் சேர்ந்து வரும். பெட்டியின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் அந்த இரண்டாவது வரியைப் பார்த்தே, இது லுகோசியின் சாயலா, அல்லது முகத்தை மழுப்பிக் கோரைப்பல் வைத்த பொதுவான டிராகுலாவா என்று பழகிய சேகரிப்பாளர் சொல்லிவிடுவார். தொழிற்சாலைக்காரர் வேண்டுமென்றே சாயலைத் தவிர்க்கும்போது பொம்மையின் முகம் எவ்வளவு உயிரற்றுப் போகிறது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு, நீதிபதி ஜெஃபர்சன் 1972-இல் என்ன கண்டார் என்பது விளங்கும்.

தீராத பகுதி

பாத்திரம் எங்கே முடிகிறது, நடிகர் எங்கே தொடங்குகிறார் என்ற கேள்வி வேறு வடிவங்களில் திரும்பத் திரும்ப வந்தது. விமானநிலைய மது அருந்தகங்களில் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் பாத்திரங்களை இயந்திர பொம்மைகளாக வைத்தபோது, அவற்றை ஏற்ற ஜார்ஜ் வென்ட்டும் ஜான் ராட்சன்பர்கரும் தொடுத்த வழக்கில், பாத்திர உரிமை வாங்கியதாலேயே நடிகரின் சாயல் வந்துவிடாது என்று 1997-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு அனுப்பியது. 2001-இல், த்ரீ ஸ்டூஜஸ் என்னும் நகைச்சுவைக் குழுவின் நடிகர்களின் கரிக்கோட்டு ஓவியத்தை டி-ஷர்ட்டில் அச்சிட்டவர் மீதான வழக்கில், ஓவியர் சாயலை அப்படியே நகலெடுக்காமல் புதிதாக ஒன்றாக மாற்றியிருந்தால் மட்டும் பேச்சுரிமை காக்கும் என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அளவுகோல் வகுத்தது. 2024-இல், இறந்த நடிகரின் குரலையும் உருவத்தையும் கணினியால் மீட்டெடுத்துப் படங்களில் பயன்படுத்தவும் அனுமதி வேண்டும் என்று அதே மாநிலம் சட்டத்தை விரித்தது.

சட்டம் எல்லா நடிகரையும் ஒன்றாகவும் காக்கவில்லை. இறக்கும்போது ஒருவர் எந்த ஊரின் நிரந்தரக் குடியாக இருந்தார் என்பதே எந்தச் சட்டம் பொருந்தும் என்பதைத் தீர்மானிக்கிறது. மர்லின் மன்றோ நியூயார்க் குடியாகவே இறந்தார் என்று வரிக்கணக்குக்காக முன்பு வாதிட்டதால், கலிஃபோர்னியாவின் பாதுகாப்பை அவர் தரப்பு 2012-இல் இழந்தது. லுகோசி லாஸ் ஏஞ்சலிஸில் வாழ்ந்து இறந்தவர் என்பதால் அந்தச் சிக்கல் அவருக்கு வரவில்லை.

அவருடைய விஷயத்தில் இப்போது எண்ண வேண்டியது நாட்காட்டியை. 2026 ஆகஸ்ட் 16 அன்று அவர் இறந்து 70 ஆண்டு நிறைகிறது. 1985 சட்டம் அவர் குடும்பத்துக்குக் கொடுத்த காலம் அத்துடன் முடிகிறது. 2027 ஜனவரி 1 அன்று, வெளியானதிலிருந்து 95 ஆண்டுப் பதிப்புரிமைக் காலம் முடிந்து, 1931 படமே அமெரிக்காவில் பொதுவுடைமையாகிறது. நாலரை மாத இடைவெளியில் குடும்பத்தின் பிடியும் யுனிவர்சலின் பிடியும் தளர்கின்றன. இரு தரப்பும் பதிவு செய்து வைத்திருக்கும் வணிகக் குறிகள் மட்டும் தொடரும். எல்லா நடிகர்களுக்கும் இந்த இரண்டு தேதியும் இப்படி அடுத்தடுத்து அமைவதில்லை. ஓநாய் மனிதனாக லான் சேனி ஜூனியர் நடித்த 1941 படம் 2037-இல் பொதுவுடைமையாகும். 1973-இல் கலிஃபோர்னியாவில் இறந்த அவருடைய முகத்தின் மீதான உரிமை 2043 வரை ஓடும். அந்த ஆறு ஆண்டுகளில் படத்தை யார் வேண்டுமானாலும் அச்சிட்டு விற்கலாம், அதன் ஒரு காட்சியை எடுத்துப் பொம்மைப் பெட்டியில் ஒட்ட வேண்டுமானால் சேனி குடும்பத்தைக் கேட்க வேண்டிவரும். 1979-இல் நான்கு நீதிபதிகள் எழாமலே பார்த்துக்கொண்ட கேள்வியை, அந்தப் பொம்மையை முன்னே வைத்து ஒரு நீதிமன்றம் அப்போது விசாரிக்கும்.